மலைச்சரிவும் மனித உரிமையும்

பதுளை மாவட்டத்தின் தென் விளிம்பிலே, ஹப்புத்தளை மலைத்தொடர் சட்டெனத் தாழ்ந்து வெல்லவாய சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில், கொஸ்லந்த என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. அச்சாலையிலே சிறிது தூரம் கீழிறங்கினால் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். உல்லாசப் பயணிகள் அருவியைப் பார்ப்பதற்கு வண்டியை நிறுத்துவதுண்டு; மேலே மலையில் அடுக்கடுக்காய் விரிந்து கிடக்கும் தேயிலையையும், அதனிடையே வரிசையாகக் கிடக்கும் லயங்களையும் நின்று பார்த்தவர் மிகச் சிலரே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள் வரையில் நிலைமை அவ்வாறே இருந்தது.

அன்று காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தவுக்கு மேலேயுள்ள மீரியபெத்த தோட்டத்திலே மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து சரிந்தது. பல நாட்களாகப் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி ஊறியிருந்தது. பெரட்டுக்குப் போக வேண்டியவர் போய்விட்ட வேளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் புறப்பட்டுவிட்ட வேளை. அந்தத் தற்செயலே பல உயிர்களைக் காத்தது. பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. லயங்கள் இருந்த தடமே தெரியவில்லை.

எத்தனை பேர் மாண்டனர் என்னும் வினாவுக்கு அன்று எவராலும் விடை கூற இயலவில்லை. முதல் நாட்களின் செய்திகள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றன. உலகப் பத்திரிகைகள் ஏறத்தாழ இருநூறு என்று எழுதின. இறுதியாக உத்தியோகக் கணக்கு நாற்பதுக்கும் குறைவாக வந்து நின்றது. மீட்கப்பட்ட உடல்கள் அதனினும் குறைவு. ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவில், எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் யார் வாழ்ந்தனர் என்பதை அரசாங்கம் உடனடியாகச் சொல்ல முடியாமற்போனது இவ்விபத்தின் வரலாற்றில் சிறிய செய்தியன்று. மலையகத் தமிழர் எண்ணப்பட்ட விதமும் எண்ணப்படாத விதமும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை.

அக்கதைக்குப் போகுமுன், அதே மாதத்தில் வேறோரிடத்தில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். மீரியபெத்த மலை சரிவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், ஒக்டோபர் 17ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை விசேட அறிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து உலக அரசாங்கங்களுக்குத் திறந்த கடிதம் ஒன்றை எழுதினர். காலநிலை பற்றி அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் செய்யப்படவிருந்த உடன்படிக்கையிலே மனித உரிமைகளை மதிக்கும் கடப்பாடு எழுதப்பட வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் அளவைப் பேசும் உடன்படிக்கை, அந்த வாயுவினால் வீடிழப்பவரின் உரிமையையும் பேச வேண்டும் என்றனர். கடிதம் எழுதியவர்களில் எவரும் கொஸ்லந்தவை அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயினும் அவர்கள் எழுதியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அந்த மாதத்திலே வேறொன்று கிடைத்திராது.

மலைச்சரிவுக்கு மழை ஒன்றே காரணம் என்று சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாது. சரிவான நிலத்தில் மேல்மண் பாறையின்மீது சாய்ந்து கிடக்கிறது. மண்துகள்களிடையே உள்ள பிடிப்பே அதனைத் தாங்கி நிற்கிறது. நீர் உட்புகுந்து துளைகளை நிரப்பும்போது அந்தப் பிடிப்புத் தளர்கிறது. மண்ணின் பாரமோ கூடுகிறது. ஆதியில் அங்கிருந்த காட்டு மரங்கள் வேரால் மண்ணைப் பிணைத்திருந்தன. கோப்பிக்காக அக்காடு வெட்டப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே சரிவுகளில் தேயிலை வந்தது. பழைய துரைமார் தேயிலைக்கிடையே வெட்டிய குறுக்குக் கான்கள் மழைநீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விட்டன. கான் அடைபட்டால் நீர் மண்ணுக்குள் போகும். கான் வெட்டவும் துப்புரவாக்கவும் ஆட்கூலி வேண்டும். கொழுந்துக்குக் கொடுக்கும் கூலிக்கே கணக்குப் பார்க்கும் காலத்தில் கானுக்குக் கொடுப்பார் யார்?

இந்த ஏற்பாட்டின்மீதே மாறிவரும் மழை வந்து இறங்குகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. ஆதலின் சூடேறிய உலகில் பெருமழை மேலும் பெருமழையாகும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். மீரியபெத்தவில் அன்று பெய்த மழையில் இவ்வளவு பங்கு உலகச் சூட்டினால் வந்தது என்று எவரும் அளந்து சொல்லவில்லை. அதனைச் சொல்லாமலே ஒன்றைச் சொல்ல முடியும். வாயுவை வெளியிட்டதில் மிகச் சிறு பங்கே உடைய ஒரு நாட்டில், அந்நாட்டிலும் மிகக் குறைவாக நுகர்ந்த ஒரு மக்கட்கூட்டம், அபாயம் மிக்க நிலத்திலே குடியிருத்தப்பட்டிருந்தது. அவர்களை அங்கே குடியிருத்தியது வானமன்று.

லயம் என்னும் வீட்டமைப்பு குடும்பங்களுக்காக உருவானதன்று. வேலைக்கு ஆளைச் சேர்த்து வைப்பதற்காக உருவானது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய மறு வரிசை. பெரட்டுக் களத்துக்குத் தப்படிச் சத்தம் கேட்கும் தூரத்தில் லயம் இருக்க வேண்டும் என்பது தோட்டத்தின் நியாயம். நல்ல நிலம் தேயிலைக்குப் போயிற்று. தேயிலைக்கு உதவாத நிலம் ஆட்களுக்கு வந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தவர்கள் அந்தக் காம்பராவிலே பிறந்து, மணந்து, இறந்தனர். ஆயின் அதன் ஒரு கல்லும் அவர்களுடையதாகவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டாற் பின்வரும் சட்டங்களை விளங்கிக்கொள்வது எளிது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனிடம் எந்த அரசியல்வாதியும் வீடு பற்றிப் பேச வரமாட்டான். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியோரின் விதியைப் பின்னர் 1974இல் தீர்த்தனர். தம்மைப் பங்கிடுமாறு அம்மக்கள் கேட்கவில்லை. அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை. மீரியபெத்த மலை சரிந்த மறுநாள், அவ்வொப்பந்தத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டு. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

நிலத்தின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மட்டும் தனியார் கம்பனிகளிடம் குத்தகைக்குக் கையளிக்கப்பட்டது. ஆகவே நிலத்தின் சொந்தக்காரர் அரசாங்கம். நிலத்தை நடத்துபவர் கம்பனி. நிலத்தில் வாழ்பவர் தொழிலாளி. மூவரில் வாழ்பவருக்கே ஆவணம் இல்லை. இதற்குமேல், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைத் தாராளமாகச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், சபை அவர்களது பாதையைச் செப்பனிட முடியாது! இந்த விசித்திரம் 2018இல்தான் திருத்தப்பட்டது.

இப்பொழுது எச்சரிக்கையின் வரலாற்றைப் பார்க்கலாம். 1986ஆம் ஆண்டின் மலைச்சரிவுகளுக்குப் பின், 1990ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதன்முதலாக அபாய வலயப் படங்களை வரையத் தொடங்கிய மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும் ஆகும். எனவே பதுளை மாவட்டத்தின் மலைகள் அளக்கப்படாத மலைகள் அல்ல. மீரியபெத்த பாதுகாப்பற்றது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என அனர்த்தத்தின் பின் அதிகாரிகள் கூறினர். உண்மை. போவதற்கு வேறிடம் தரப்படவில்லை என்று மக்கள் கூறினர். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவிலே மலை சரிந்தது.

அபாயம் வருகிறது என்று அறிவிக்கும் கடமை அரசுக்கு உண்டு. அக்கடமை ஓரளவு நிறைவேற்றப்பட்டது. ஆயின் சொந்தமாகக் காணியில்லாத, வேலையை விட்டால் வீட்டையும் இழக்கும் ஒருவனிடம் ‘வெளியேறு’ என்பது என்ன? கிராமத்தில் காணியுள்ள ஒருவன் தன் நிலத்தின் வேறொரு மூலைக்குப் போகலாம், விற்கலாம், ஈடு வைக்கலாம், நட்டஈடு கோரலாம். லயத்து மனிதன் எங்கே போவான்? ஆதலின் அவன் இருந்தான். அவன் இருந்ததை அறியாமை என்று பின்னர் எழுதியவர்களும் உண்டு. எதனையும் சொந்தமாகக் கொள்ள விடாமல் வைத்திருந்த பின், அவன் அசையவில்லை என்று குறை கூறுவது நீதியாகாது.

மனித உரிமையைக் காலநிலைக் கொள்கையோடு இணைப்பது என்னும் பெரிய சொற்றொடரின் பொருள் இந்த இடத்திலே தெளிவாகிறது. வெறும் முகிற் படங்களும் மழைமானிகளும் போதா. உறையுள், காணி, செய்தி அறிதல், தன்னைப் பற்றிய முடிவில் தானும் பேசுதல், இழந்தால் நிவாரணம் கோருதல் ஆகியவை உரிமைகளாக இருந்தாலன்றி மழைமானியால் யாருக்கும் பயனில்லை.

உலக மன்றங்கள் இக்கருத்தை ஏற்க நெடுங்காலம் எடுத்தன. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கைச்சாத்தான காலநிலைச் சமவாயத்தில் ‘மனித உரிமை’ என்னும் சொல்லே கிடையாது. அது வாயுக்களைப் பற்றியும் நாடுகளைப் பற்றியும் பேசியது. 2005இல் வடதுருவத்து இனுயிற் மக்கள், உருகும் பனி தங்கள் வாழ்வுரிமையைப் பறிக்கிறது என்று அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். முறைப்பாடு விசாரணைக்கு ஏற்கப்படவில்லை. ஆயினும் கேள்வி பிறந்துவிட்டது. 2007 நவெம்பரில் இலங்கையின் அயல்நாடாகிய மாலைதீவின் தலைநகரிலே சிறு தீவு நாடுகள் கூடி மாலே பிரகடனத்தை வெளியிட்டன. கடலுக்கு மேலே ஓரிரு மீற்றர் உயரமே உடைய நாட்டவர்க்குக் காலநிலை என்பது கணக்குப் புத்தகமாக இருக்க முடியாதன்றோ! மாலைதீவின் முயற்சியால் 2008 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை முதன்முதலாக இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2010இல் கான்கூன் மகாநாடு, காலநிலை தொடர்பான எல்லா நடவடிக்கைகளிலும் மனித உரிமைகள் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டது.

‘எல்லா நடவடிக்கைகளிலும்’ என்ற சொல் கவனிக்கற்பாலது. காலநிலையால் வரும் கேடு ஒன்று. காலநிலையைக் காக்கிறோம் என்று செய்யும் பணியால் வரும் கேடு மற்றொன்று. பனாமா நாட்டிலே பாரோ பிளாங்கோ என்னும் நீர்மின் அணை, தூய வலுத் திட்டம் என்று ஐக்கிய நாடுகளின் கீழ்ப் பதிவு பெற்றிருந்தது. ஆற்றங்கரைப் பழங்குடியினர் தம்மைக் கேளாமலே தம் நிலம் மூழ்கடிக்கப்படுவதாகப் பல்லாண்டு போராடினர். 2016இல் பனாமா அரசே அப்பதிவை மீட்டுக்கொண்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்திலேயே உமா ஓயாத் திட்டம் உண்டு. 120 மெகாவாற்று மின்சாரமும் தென்கிழக்குக்கு நீரும் தரும் அத்திட்டத்தின் சுரங்கத்துக்குள், மீரியபெத்த புதையுண்ட அதே 2014ஆம் ஆண்டின் இறுதியில் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாயத் தொடங்கியது. பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன, 2017இல் சிங்களவரும் தமிழரும் வீதியில் இறங்கினர். நீர்மின்சாரம் புகையில்லாதது என்பது மெய்யே. ஆயினும் கிணறு வற்றிய வீட்டுக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டவர் யார் என்னும் வினா புகையில்லாமையால் நீங்கிவிடாது. இத்திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது.

2015 டிசெம்பர் 12ஆம் நாள் பாரிஸ் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. விசேட அறிக்கையாளர்களின் கடிதம் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, முழுவதும் தவறவுமில்லை. உடன்படிக்கையின் வரைவிலே மனித உரிமை பற்றிய வாசகம் செயற்பாட்டுப் பகுதியாகிய இரண்டாம் உறுப்புரையில் இடம்பெற்றிருந்தது. பேச்சுவார்த்தையின் இறுதி நாட்களில் அஃது அங்கிருந்து நீக்கப்பட்டு முகவுரைக்கு நகர்த்தப்பட்டது. சட்டம் படித்தவர்க்கு இந்நகர்வின் பொருள் தெரியும்: உறுப்புரை கட்டளையிடும்; முகவுரை வழிகாட்டும். ஆயினும் உலகளாவிய காலநிலை உடன்படிக்கை ஒன்றிலே பழங்குடியினர், குடிபெயர்ந்தோர், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உரிமைகள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது அதுவே முதற்றடவை. இலங்கை 2016 செப்டெம்பரில் அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது.

அதற்கு அடுத்த மாதம், மீரியபெத்தவில் தப்பிய குடும்பங்களுக்காக அரசாங்கம் கட்டிய 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் அவர்கள் முதலிற் பள்ளிக்கூடங்களிலும், பின்னர்ப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் வாழ்ந்தனர். கொழுந்து வாட்டிய தட்டுகள் இருந்த கட்டடத்திலே திரை கட்டிக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. நிவாரணப் பொருளுக்குக் குறைவில்லை. நாடெங்குமிருந்து, எல்லா இன மக்களிடமிருந்தும் வந்து குவிந்தது. அதனை நன்றியுடன் குறிப்பிடுவது முறை. ஆனால் அரிசியை அயலார் கொடுக்கலாம்; காணியை அரசன்றோ கொடுக்க வேண்டும்?

கொஸ்லந்தவின் அதிர்ச்சி ஒரு பயனைத் தந்தது. 2015க்குப் பின் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்பது அரசின் கொள்கையாயிற்று. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்ட நாலாயிரம் வீடுகளுக்கு மேலாகப் பதினாயிரம் வீடுகளை அறிவித்தார். மலையகத்துக்கென அபிவிருத்தி அதிகாரசபை ஒன்று 2018இல் சட்டமாயிற்று. வேலையோ மெதுவாகவே நடந்தது. வீடு கட்டிய இடத்திலும் காணி உறுதி கைக்கு வரத் தாமதமாயிற்று. லயத்தை விட்டு நீங்கியவரினும் லயத்தில் எஞ்சியவரே அதிகம்.

உலக அரங்கிலே சட்டம் இதைவிட விரைந்து நடந்தது எனலாம். 2022 ஜூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய, நலமிக்க, நிலைபேறான சுற்றாடல் மனித உரிமை என்று 161 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. அதே ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில், காலநிலையால் இழப்புற்ற வறிய நாடுகளுக்கென நிதியம் ஒன்று அமைக்க இணக்கம் ஏற்பட்டது. 2024 மார்ச்சில் இந்திய உயர் நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அந்நாட்டு அரசியலமைப்பின் 14ஆம், 21ஆம் உறுப்புரைகளில் அடங்கிய உரிமை எனத் தீர்ப்பளித்தது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலோ உயிர் வாழும் உரிமை வெளிப்படையான அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை என்பதை ஒப்புநோக்கலாம். 2025 ஜூலை 23ஆம் நாள், வனுவாட்டு என்னும் சிறு தீவின் முயற்சியால், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றமே காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடப்பாடு என ஆலோசனைக் கருத்து வழங்கியது. பசுபிக் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய பேச்சு ஆறே ஆண்டில் உலக நீதிமன்றத்தை எட்டியது.

கொஸ்லந்தவுக்கு அயலிலுள்ள பூணாகலையிலே, கபரகலைத் தோட்டத்தில் 2023 மார்ச் மாதம் மண் சரிந்து மீண்டும் லயங்களை அழித்தது. இம்முறை உயிர்கள் பெரும்பாலும் தப்பின. தப்பிய குடும்பங்கள் கொண்டுபோய் வைக்கப்பட்டது, இம்முறையும், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலேதான். 2025 நவெம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி தீவைத் தாக்கியபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் சரிந்தன; கிராமத்தவரும் தோட்டத்தவருமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மழை வெறித்தபின் ஆராய்ச்சி நிறுவனத்தின் உத்தியோகத்தர்கள் மீண்டும் மலைகளில் ஏறி வெடிப்புகளை அளந்தனர். மக்களிடம் வெளியேறுமாறு மீண்டும் கூறப்பட்டது. காணி எங்கே என்று தோட்ட மக்கள் மீண்டும் கேட்டனர்.